இரண்டரை இஞ்ச்

காரைக்குடி கல்லுக்கட்டிக்குப் பின்னால்
இரும்புக் கடையில் கேட்கிறேன்:
"பன்றி மயிர் பிரஷ் இருக்கா?"
பில் போடும் பெண் தலை நிமிரவில்லை.
"நேச்சுரல்னு கேளுங்கக்கா,
ஆளுக நிக்கிறாக."
நேச்சுரல் என்றால் இருபது ரூபாய் கூடுதல்.

பிரஷ் வாங்குவதில் எனக்கு அவசரமே கிடையாது.
உள்ளங்கையில் வைத்து அழுத்துவேன்,
விசிறியாய் விரிந்து
தானே கூடிக்கொள்ள வேண்டும்.
இழுத்துப் பார்ப்பேன். நாலு முடிக்கு மேல் வந்தால்
திருப்பிக் கொடுத்துவிடுவேன்.
நுனியை வெளிச்சத்தில் பிடித்தால்
ஒவ்வொன்றும் இரண்டாய் மூன்றாய்ப் பிளந்திருக்கும்,
அந்தப் பிளவில்தான் வார்னிஷ் தங்கும்.
அதற்கும் சந்தேகம் தீராவிட்டால்
ஒன்றைப் பிடுங்கித் தீக்குச்சி கிழிப்பேன்.
உருகி மணியாய்த் திரண்டால் நைலான்.
பொசுங்கி நாறினால்
உயிரோடு இருந்த ஏதோ ஒன்று.

ரகுமத்துல்லாவுக்கு இந்தச் சோதனை வேண்டாம்,
அவன் தொடுவது நைலான் மட்டும்.
"நமக்கு ஆகாது" என்று சொன்னான்,
பதினோரு வருஷத்தில் ஒரே தடவை.
அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும்
எங்களுக்குள் அது பிரிந்துவிடும்.
எண்ணெய் குடிக்கும் மரமெல்லாம் எனக்கு,
தண்ணீர்ப் பெயிண்ட் சுவரெல்லாம் அவனுக்கு.
இந்தப் பக்கத்துப் பாகப்பிரிவினைகளில்
கோர்ட்டுக்குப் போகாதது இது ஒன்றுதான்.
தொழிலுக்கும் அதுதான் சரி.
என் பிரஷ்ஷை எமல்ஷனில் முக்கினால்
தண்ணீர் குடித்து ஊதி
நனைந்த கோழிவால் மாதிரி தொங்கும்.
அவனுடையது வார்னிஷில்
ஏர் ஓட்டும்.

பள்ளத்தூரில் ஒரு வீடு.
அறுபத்துநாலு கதவு, எண்ணினேன்.
முகப்பிலும் வளவிலும் சுவரைத் தொடக் கூடாது,
முட்டை வெள்ளை குடித்து மின்னுகிற சுவர்.
அதைக் கடக்கும்போதெல்லாம்
ரகுமத்துல்லா தலைசீவிக்கொள்வான்.
இரண்டாங்கட்டிலிருந்துதான் அவன் எல்லை.

பதினெட்டாம் நாள் சாமி அறைக் கதவு.
பர்மாத் தேக்கு. கஜலட்சுமியின் மூக்கோரத்தில்
எத்தனை வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கோ,
உப்புத்தாளோடு மூன்று நாள் போனது.
டப்பாவைத் திறக்கும்போது
தெய்வானை ஆச்சி வந்து நின்றார்கள்.
"அது என்ன மயிரு?"
குதிரை என்று சொல்லியிருக்கலாம்.
"பன்றி" என்றேன்.
"சாமி கதவுக்கு மயிரே வேண்டாம்."
"நைலான்ல கோடு விழும் ஆச்சி."
"விழட்டும்."

பிரஷ்ஷைத் தாளில் சுற்றி வைத்துவிட்டு
மூன்றாங்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.
அவன் கால் கழுவிக்கொண்டு வந்தான்.
நுனி மெலிந்த நைலான், இரண்டரை இஞ்ச்,
வார்னிஷில் ஒரு மூடி டர்பன்டைன் கூட.
மேலிருந்து கீழ், ஒரே மூச்சு.
நான் எட்டு முறை தடவுகிற மரத்தை
அவன் சுவரைப் போல ஒரே முறை.
ஆச்சி கழுத்தை நீட்டியபடி
பொழுதுக்கும் பக்கத்திலேயே,
"இங்கன விட்டுப்போச்சு... இங்கன..."

கோடு விழத்தான் செய்தது.
விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் ஏழு.
நேராய் நின்று கும்பிடுகிறவர்களுக்கு
ஒன்றும் தெரியாது.
அன்றைக்கு அவன் கையிலும் டர்பன்டைன் வாடை.
கழுவ ஆளுக்கொரு டப்பா.

மறுநாள் காலையில் பார்த்தால்
கீழ்ச் சட்டத்தில், வார்னிஷுக்குள் ஒரு முடி.
ஊசியால் மெல்லக் கிளப்பினேன்.
என் பிரஷ்ஷில் உதிர்வது குட்டையாய் விறைத்திருக்கும்,
இது ஒரு முழம்.
அடியில் அரை விரல் வெள்ளை,
மிச்சம் சாயக் கறுப்பு.
இருந்தாலும் பழக்கம் விடவில்லை,
முற்றத்துக்குப் போய்த் தீக்குச்சி கிழித்தேன்.
உருகவில்லை.

திரி நூலோடு வந்த ஆச்சி
மூக்கைச் சுளித்தார்கள்.
"என்னடி நாத்தம்?"
"நேச்சுரல் ஆச்சி" என்று சொல்லிவிட்டு
ஊசி பட்ட இடத்தை
விரல் நுனியால் நிரவப் போனேன்.